ஏசியில் 24 வைத்தும் புழுங்குவது ஏன்? நெம்மேலி கடலோரக் கட்டடங்களும் கன்ட்ரோலர் கணக்கும்

ரிமோட்டில் 24 என்று காட்டுகிறது. அறையும் ஓரளவு குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்ஷீட் பிசுபிசுக்கிறது. அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை. சீலிங்கில் குளிர்காற்று வரும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. கரண்ட் பில் மட்டும் குறைந்தபாடில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம் என்று கடலை ஒட்டிய பகுதிகளில் ஓட்டல், ரிசார்ட், கல்யாண மண்டபம் நடத்தும் யாருக்கும் இது புரியாத புகார் இல்லை. மெக்கானிக் வருவார், கேஸ் பார்ப்பார், காயில் கழுவுவார். சில வாரங்களில் மறுபடியும் அதே கதை.

பல நேரங்களில் கோளாறு இயந்திரத்தில் இருப்பதில்லை. அந்த இயந்திரத்துக்கு உத்தரவு போடும் சின்னப் பெட்டிக்குள் யாரோ எழுதி வைத்த எண்களில் இருக்கிறது. அந்தப் பெட்டிதான் கன்ட்ரோலர். அதற்குள் என்ன இருக்கிறது? கடலோரத்தில் அது ஏன் தடுமாறுகிறது? கட்டட உரிமையாளர்கள் என்ன கேட்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

கன்ட்ரோலர் என்றால் என்ன?

வீட்டு ஏசியில் இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டும் ஒரு கன்ட்ரோலர்தான். பெரிய கட்டடங்களில் அது தனிப் பெட்டியாக, பேனலுக்குள் இருக்கும். மூன்று வேலைகள் செய்யும்.

முதலில், கேட்கும். அறை வெப்பம், ஈரப்பதம், குழாயில் ஓடும் தண்ணீரின் வெப்பம், கேஸ் அழுத்தம், கதவு திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் சென்சார்கள் மூலம் தெரிந்துகொள்ளும்.

இரண்டாவது, முடிவெடுக்கும். உள்ளே எழுதப்பட்ட புரோகிராமோடு அந்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும்.

மூன்றாவது, உத்தரவு போடும். கம்ப்ரசரை ஓட்டு, ஃபேன் வேகத்தைக் குறை, வால்வைத் திற, அலாரம் அடி.

இப்படிப் பல கன்ட்ரோலர்களை ஒரே திரையில் இணைப்பதுதான் ஐடி கம்பெனிகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் 'பி.எம்.எஸ்.' என்று சொல்லப்படும் கட்டட மேலாண்மை அமைப்பு.

இந்த யோசனை எப்போது பிறந்தது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். அவர் பாடம் நடத்திய கட்டடத்தில், ஒவ்வொரு அறையாகப் போய் வெப்பத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் ஊழியர் கீழே இருக்கும் ஹீட்டரைச் சரிசெய்வார். இந்த அலைச்சலுக்கு மாற்றாக, அறையின் வெப்பநிலையை மின் சமிக்ஞையாகக் கீழே அனுப்பும் கருவிக்கு ஜான்சன் 1883-ல் காப்புரிமை பெற்றார். அடுத்த 2 ஆண்டுகளில் அது ஒரு கம்பெனியாகவே வளர்ந்தது.

ஏசியின் கதை இன்னும் சுவாரசியமானது. 1902-ல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் நவீன ஏசி, மனிதர்களின் சொகுசுக்காக உருவானது அல்ல. நியூயார்க் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கியது. வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் அந்த இயந்திரம். அதாவது, ஏசியின் முதல் வேலையே ஈரத்தை எடுப்பதுதான். இன்று பல கன்ட்ரோலர்களில் மறந்துபோகும் வேலையும் அதுவே.

புரோகிராம் எப்படி இருக்கும்?

கம்ப்யூட்டர் கோடிங் என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு மண்டபத்து ஏசியின் புரோகிராமைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்:

1. ஹாலின் வெப்பம் 25 டிகிரியைத் தொட்டால் கம்ப்ரசரை ஓட்டு.
2. 23.5 டிகிரிக்கு இறங்கினால் நிறுத்து.
3. நிறுத்தி 5 நிமிடம் ஆகும் வரை, வெப்பம் எவ்வளவு ஏறினாலும் மறுபடி ஓட்டாதே.
4. ஃபேன் ஓடவில்லை என்றால் கம்ப்ரசரைத் தொடாதே.
5. சென்சார் வயர் அறுந்திருந்தால் அலாரம் கொடு.

முதல் இரண்டு வரிகளுக்கு நடுவில் ஒன்றரை டிகிரி இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். டெக்னீஷியன்கள் இதை 'டிஃபரன்ஷியல்' என்பார்கள். இந்த இடைவெளி மிகவும் குறைந்தால் கம்ப்ரசர் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நிற்கும். அதிகமானால் அறை ஒரு நேரம் குளிரும், மறுநேரம் புழுங்கும்.

மூன்றாவது வரி கம்ப்ரசரின் ஆயுளுக்கானது. நின்ற உடனே மறுபடி ஓட்டினால், உள்ளே கேஸ் அழுத்தம் சமமாகியிருக்காது. அந்த அழுத்தத்தை எதிர்த்துத் திணறிக் கிளம்பும்போது மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். டிரிப் ஆகும்; அடிக்கடி நடந்தால் எரிந்தே போகும். ஒரு வரி விடுபட்டால் ஒரு கம்ப்ரசர் போய்விடலாம்.

பெரிய கன்ட்ரோலர்களில் இதையே ஏணி போன்ற கோடுகளாக வரையும் 'லேடர்' முறையிலோ, கட்டங்களை இணைக்கும் 'ஃபங்ஷன் பிளாக்' முறையிலோ, வரிகளாக டைப் செய்தோ எழுதுகிறார்கள். சின்ன கன்ட்ரோலர்களில் எழுத எதுவும் இருக்காது. கம்பெனி தந்த பட்டியலில் எண்களை மட்டும் மாற்ற வேண்டும். அந்த எண்களைப் பலரும் தொடுவதே இல்லை. தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு டிகிரி முன்னே பின்னே போனால் என்ன?

இதற்குப் பதில் நெம்மேலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கப்பட்ட சென்னை முதலைப் பண்ணையில், சதுப்பு நில முதலையின் முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் அடைவைத்து ஆய்வு நடந்தது. ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ராமுலஸ் விட்டேக்கர் ஆகியோரின் அந்த ஆய்வு 1989-ல் வெளியானது.

முடிவு என்ன தெரியுமா? 28 முதல் 31 டிகிரி வரை நிலையாக வைத்த முட்டைகளில் இருந்து பெண் குட்டிகள் மட்டுமே வந்தன. 32.5 டிகிரியில் வைத்தவை எல்லாம் ஆண். இரண்டுக்கும் நடுவிலும், 33 டிகிரியிலும் இரண்டு பாலும் கலந்து வந்தன.

வெறும் ஒன்றரை டிகிரி வித்தியாசத்தில் ஒரு கூட்டின் மொத்தக் குட்டிகளும் ஆணா பெண்ணா என்பது மாறிவிடுகிறது. மேலே பார்த்த மண்டபத்துப் புரோகிராமில் நாம் தாராளமாக விட்ட இடைவெளியும் அதே ஒன்றரை டிகிரிதான். கல்யாண ஹாலுக்கு அது போதும். முட்டைக்கும் தடுப்பூசிக்கும் போதாது. எதைக் காக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எண் முடிவாக வேண்டும்.

கடலோரத்தில் என்ன வித்தியாசம்?

நெம்மேலிக்கு ஒருபக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். காற்றில் எப்போதும் ஈரம்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் இருக்கும் ஈரம், குளிர்ந்த பரப்பில் பட்டுத் தண்ணீராகிறது. காற்று எந்த வெப்பநிலைக்கு இறங்கினால் இப்படித் தண்ணீர் விட ஆரம்பிக்கிறதோ, அதுதான் பனிநிலை.

இரண்டு ஊர்களை ஒப்பிடலாம். ராஜஸ்தானின் ஜோத்பூரில் கோடையில் 42 டிகிரி வெயில், ஈரப்பதம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பனிநிலை சுமார் 10 டிகிரிதான். அங்கே ஏசிக்கு வெப்பத்தை இறக்குவது மட்டுமே பெரிய வேலை.

நெம்மேலியில் 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் பனிநிலை 25 டிகிரி. அதாவது, அந்தக் காற்றை ஈரம் எடுக்காமல் 24 டிகிரிக்கு இறக்கவே முடியாது. 25-ஐத் தாண்டும்போதே தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். அறை இதமாக இருக்க 24 டிகிரியோடு ஈரப்பதம் 50 சதவீதம் அளவில் இருக்க வேண்டும் என்றால், காற்றில் உள்ள ஈரத்தில் பாதிக்கும் மேல் வெளியேற வேண்டும்.

ஜோத்பூர் ஏசிக்கு எழுதிய புரோகிராமை அப்படியே நெம்மேலியில் போட்டால், 24 வந்ததும் அது நிம்மதியாக நின்றுவிடும். ஈரம் அறைக்குள்ளேயே இருக்கும். புழுங்குகிறது என்று 20-க்குக் குறைப்பார்கள். சுவர் இன்னும் குளிரும், ஈரம் அதன்மேல் படியும், பூஞ்சை வரும். பில்லும் ஏறும்.

ஒரு குடம் தண்ணீரின் விலை

இதைக் கணக்காகவே பார்க்கலாம். சுமார் 30 பேர் உட்காரும் ஒரு ஹாலுக்கு மணிக்கு சுமார் 1,000 கன மீட்டர் வெளிக்காற்று தேவைப்படும். மேலே சொன்ன நெம்மேலிக் காற்றை, இதமான அறைக்காற்றாக மாற்ற வேண்டுமானால் அதிலிருந்து மணிக்கு சுமார் 12 லிட்டர் தண்ணீரை எடுக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு பிளாஸ்டிக் குடம்.

ஒரு லிட்டர் ஈரத்தைத் தண்ணீராக்க, ஏசி சுமார் 0.68 யூனிட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் ஏசி என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு குடத்துக்கு மட்டும் இரண்டரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும். காற்றைக் குளிர்விக்க ஆகும் செலவு இதில் சேரவில்லை.

நெம்மேலியில்தான் சென்னையின் கடல்நீர்க் குடிநீர் ஆலைகளும் இருக்கின்றன. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலை 2013-ல் திறக்கப்பட்டது. 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இதுபோன்ற ஆலைகளில், உலக அளவில், ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க சுமார் 3 முதல் 4 யூனிட் ஆகிறது.

அப்படியானால், காற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுக்க ஏசி செலவழிக்கும் மின்சாரம், கடலில் இருந்து பல நூறு லிட்டர் குடிநீர் எடுக்கப் போதுமானது. ஆள் இல்லாத ஹாலுக்குள் வெளிக்காற்றை வீணாக இழுக்கும் ஒரு புரோகிராம், மணிக்கு ஒரு குடம் என்று இந்தச் செலவைச் செய்துகொண்டே இருக்கும்.

புரோகிராமில் எதை மாற்ற வேண்டும்?

கடலோரக் கட்டடங்களுக்கு முக்கியமாகச் சொல்லப்படும் மாற்றங்கள் இவை.

வெளிக்காற்றுக் கதவு: உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கார்பன் டை ஆக்சைடு சென்சார் மூலம் அறிந்து, தேவையான அளவு மட்டும் வெளிக்காற்றுக் கதவைத் திறக்கச் சொல்லலாம். ஆள் இல்லாதபோது மூடிவிடலாம்.

இலவசக் குளிர்ச்சி: வெளியே குளிராக இருந்தால் வெளிக்காற்றை உள்ளே விடு என்று குளிர் நாடுகளுக்கு எழுதிய புரோகிராம்களில் ஒரு வரி இருக்கும். மார்கழி இரவில் நெம்மேலியில் 23 டிகிரி இருக்கலாம். ஆனால் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனிநிலை 20 டிகிரி. குளிர்ந்த காற்றுதான், ஆனால் ஈரக் காற்று. வெப்பத்தை மட்டும் ஒப்பிடும் இந்த வரியை நீக்க வேண்டும், அல்லது பனிநிலையை ஒப்பிடும்படி மாற்ற வேண்டும்.

குளிர்நீர் வெப்பநிலை: சில்லர் இருக்கும் கட்டடங்களில், வெளியே வெப்பம் குறைந்தால் குழாயில் ஓடும் குளிர்நீரின் வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றி மின்சாரம் மிச்சப்படுத்துவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே 26 டிகிரிதான் இருக்கும். ஈரப்பதமோ 90 சதவீதம். வெளி வெப்பத்தை மட்டும் பார்க்கும் கன்ட்ரோலர், இன்று வேலை குறைவு என்று தண்ணீரை ஏற்றிவிடும். காயில் ஈரம் எடுப்பதை நிறுத்திவிடும். மழைக்காலத்தில் ஓட்டல் அறைகளில் புழுக்கம் என்று புகார் வர இதுவும் ஒரு காரணம்.

ஃபேன்: கம்ப்ரசர் நின்ற பிறகும் ஃபேன் அதே வேகத்தில் ஓடினால், காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மறுபடி காற்றோடு அறைக்குள் வந்துவிடும். ஃபேனையும் நிறுத்தும்படியோ மெதுவாக்கும்படியோ எழுத வேண்டும். வேகத்தைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஃபேன் வேகம் 80 சதவீதமானால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

காலி அறை: கீ கார்டை எடுத்ததும் ஏசி முழுதாக நின்றுவிடும் அறைகளில், பகல் முழுக்க ஈரம் சேர்கிறது. அதற்குப் பதில், ஆள் இல்லாதபோது 28 டிகிரி போதும், ஆனால் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் கொஞ்ச நேரம் ஓட்டு என்று எழுதலாம்.

இன்னொன்று, புரோகிராமால் சரிசெய்ய முடியாதது. தேவைக்கு மீறிய பெரிய ஏசி. சீக்கிரம் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். ஈரம் எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது.

மீன், மருந்து வைக்கும் கோல்ட் ரூமில்?

அங்கே ஆபத்து இன்னும் அதிகம். உறைய வைத்த மீனுக்கு மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழ். பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு 2 முதல் 8 டிகிரி. சூடானால் மட்டும்தான் கெடும் என்று நினைக்க வேண்டாம். ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகள் உறைந்தாலும் வீண்தான். 2 டிகிரிக்குக் கீழே போனாலே அலாரம் அடிக்க வேண்டும்.

கோல்ட் ரூம் கன்ட்ரோலரில் முக்கியமான இன்னொரு வேலை, காயிலில் படியும் ஐஸைக் கரைக்கும் 'டிஃப்ராஸ்ட்'. கதவு திறக்கும்போதெல்லாம் கடலோரக் காற்று உள்ளே போய், காயிலில் ஐஸாக ஒட்டும். ஐஸ் கனத்தால் காற்று போகாது, குளிர் குறையும்.

6 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் கரை என்று கடிகாரத்தை மட்டும் நம்பி எழுதினால் இரண்டு பக்கமும் நஷ்டம். ஐஸ் குறைவான நாளில் வீணாக ஹீட்டர் ஓடி மீனைச் சூடாக்கும். ஐஸ் அதிகமான நாளில் பாதி கரைந்ததும் நின்றுவிடும். காயில் வெப்பம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் டிஃப்ராஸ்டை முடி, பிறகு தண்ணீர் வடியச் சில நிமிடம் விடு, காயில் குளிர்ந்த பிறகே ஃபேனை ஓட்டு. இந்த மூன்று வரிகளும் இருக்க வேண்டும். கடைசி வரி இல்லையென்றால் சூடான ஈரக்காற்று நேராகச் சரக்கின்மேல் அடிக்கும்.

உப்புக்காற்று சென்சாரை எப்படி ஏமாற்றும்?

உப்புக்காற்று ஏசியின் வெளி யூனிட்டை அரிப்பது எல்லோருக்கும் தெரியும். அது சென்சார் வயர் முனையை அரிப்பது கண்ணுக்குத் தெரியாது.

குளிர்சாதனக் கருவிகளில் அதிகம் பயன்படும் 'என்.டி.சி.' வகை சென்சாரில், வெப்பம் குறையக் குறைய மின்தடை ஏறும். வயர் இணைப்பு அரித்துப்போய் மின்தடை கூடினால், கன்ட்ரோலர் அதைக் குளிர் என்றே படிக்கும். அறை 8 டிகிரியில் இருக்கும்போது 5 என்று நினைத்துக் கம்ப்ரசரை நிறுத்திவிடும். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். உள்ளே சரக்கு கெட்டுக்கொண்டிருக்கும்.

'பி.டி. 1000' வகை சென்சாரில் இதற்கு நேர்மாறு. மின்தடை கூடினால் சூடு என்று படித்து, நிற்காமல் குளிரவைக்கும். அங்கே தடுப்பூசி உறையும் ஆபத்து. ஒரு டிகிரிக்கு 4 ஓம் கூட இல்லாத சென்சார் என்பதால், சின்ன அரிப்பே போதும்.

இதனால்தான் மாதம் ஒருமுறை தனித் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, திரையில் காட்டும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். வயர் முழுதாக அறுந்தால் என்ன செய்வது என்பதையும் புரோகிராம் சொல்ல வேண்டும். இத்தனை நிமிடம் ஓடு, இத்தனை நிமிடம் நில், அலாரம் அடி என்று ஒரு தற்காலிக ஏற்பாடு இருந்தால், ஆள் வரும் வரை சரக்கு தாங்கும்.

கரண்ட் போய் வந்தால்?

புயல், கோடை மின்தடை எல்லாம் கடலோரத்துக்குப் புதிதல்ல. கரண்ட் வந்ததும் எல்லாக் கம்ப்ரசரும் ஒரே நொடியில் கிளம்பினால் மெயின் டிரிப் ஆகும், ஜெனரேட்டர் திணறும். உயர் அழுத்த மின் இணைப்பில் அதிகபட்சத் தேவைக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஒவ்வொன்றாக, சில நிமிட இடைவெளியில் கிளம்பு என்ற வரி புரோகிராமில் இருக்க வேண்டும்.

கன்ட்ரோலருக்குள் இருக்கும் சின்ன பேட்டரியும் முக்கியம். அது தீர்ந்தால் கடிகாரம் பின்னோக்கிப் போய்விடும். காலை 9 மணிக்கு ஓட வேண்டிய ஏசி நள்ளிரவில் ஓடும்.

'ஹேண்ட்' சுவிட்சில் போகும் பணம்

பேனலில் மூன்று நிலை சுவிட்ச் ஒன்று இருக்கும்: ஹேண்ட், ஆஃப், ஆட்டோ. ஆட்டோவில் இருந்தால் மட்டுமே கன்ட்ரோலர் பேச்சு எடுபடும். ஒருநாள் பிரச்சினை வரும். அவசரத்துக்கு யாராவது ஹேண்டில் போடுவார்கள். பிறகு திருப்பிவிட மறந்துபோகும். மாதக்கணக்கில் இயந்திரம் நிற்காமல் ஓடும். பல லட்சம் கொடுத்து வாங்கிய கன்ட்ரோலர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

புரோகிராம் எழுதியவர் போய்விட்டார், பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை என்றால், ஹேண்டைத் தவிர வேறு வழியே இருக்காது.

இன்டர்நெட்டில் இணைத்தால் ஆபத்தா?

கவனமாக இல்லாவிட்டால், ஆம். 2013-ல் அமெரிக்காவின் 'டார்கெட்' சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தில் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தியது, அந்தக் கடைகளுக்கு ஏசி, ஃப்ரிட்ஜ் வேலை செய்த கான்ட்ராக்டரின் லாகின். செல்போனில் ஏசியைப் பார்க்கும் வசதி வேண்டும் என்றால், கன்ட்ரோலருக்குத் தனி நெட்வொர்க் வேண்டும். கம்பெனி தந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும்.

அரசு என்ன சொல்கிறது?

2020 ஜனவரி 1 முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரி என்ற அமைப்போடுதான் விற்கப்பட வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. ஏசி வெப்பநிலையை 20 முதல் 28 டிகிரிக்குள் கட்டுப்படுத்தும் திட்டத்தை 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் அறிவித்தார்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை அதுவரை இல்லாத உச்சமாக 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நாட்டின் குளிரூட்டல் தேவை 2017-18-ஐ விட 2037-38-ல் சுமார் 8 மடங்காகும் என்று 2019-ல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம் சொல்கிறது.

ஆனால் எல்லா விதிகளும் பேசுவது வெப்பநிலை பற்றி. கடலோரத்தில் 26 டிகிரியில் இதமாக இருக்க முடியும், ஈரம் குறைவாக இருந்தால். ஈரத்தைக் கவனிக்காத கன்ட்ரோலர் இருக்கும் வரை, மக்கள் 20-ஐத்தான் தேடிப் போவார்கள்.

படிப்பும் வேலையும்

ஐ.டி.ஐ.யில் 'ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங் டெக்னீஷியன்' 2 ஆண்டுப் படிப்பு. கேஸ் நிரப்பவும் குழாய் ஒட்டவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதோடு லேடர் படிக்கவும், கன்ட்ரோலர்கள் ஒன்றோடு ஒன்று பேசும் 'மாட்பஸ்', 'பேக்நெட்' மொழிகளைப் புரிந்துகொள்ளவும் தெரிந்தவர்கள் குறைவு. மாட்பஸ் 1979-லும் பேக்நெட் 1995-லும் வந்தவை. இன்றும் பெரும்பாலான கட்டடங்களில் ஓடுபவை இவைதான். ஒருமுறை கற்றால் பல கம்பெனிப் பெட்டிகளுக்கும் கைகொடுக்கும்.

கட்டட உரிமையாளர் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. கன்ட்ரோலர் என்ன வரிசையில் வேலை செய்யும் என்பதைச் சாதாரண வாக்கியங்களில் எழுதித் தர முடியுமா?
2. ஈரப்பத சென்சார் இருக்கிறதா? புரோகிராம் அதைப் பயன்படுத்துகிறதா, அல்லது திரையில் காட்ட மட்டும்தானா?
3. மழைக்கால இரவில் இது எப்படி ஓடும் என்று சோதித்தீர்களா?
4. புரோகிராமின் பிரதி, பாஸ்வேர்டு இரண்டும் நம்மிடம் இருக்கிறதா?
5. சென்சார் வயர் அறுந்தால், கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்?
6. கடைசியாக எப்போது தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்த்தீர்கள்?
7. எந்தெந்த சுவிட்ச் இப்போது 'ஹேண்ட்'டில் இருக்கிறது?

ஏழாவது கேள்விக்குப் பணம் எதுவும் செலவாகாது. பேனல் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.